ரெண்டு ரிங், ஒரு கட்

போன வாரம் ஒரு மதியம். ராஜபாளையத்தில் சுள்ளென்று வெயில். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். கீழே என் கம்ப்யூட்டர் கத்தியது.

அது சும்மா கத்தாது. மலைமேல் பெருமழை பெய்தால்தான் அந்தச் சத்தம் வரும். அப்படி வைத்ததே நான்தான்.

மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உச்சி தெரியவில்லை. கன்னங்கரேலென்று அடைத்துக்கொண்டு நின்றது. அந்த மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, ஓடைக்கு அந்தக் கரையில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. காலையில் டிபன் பாக்ஸோடு அங்கே போன என் வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

என் பிழைப்பு என்னவென்று தெரியாத புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். வீட்டிலிருந்தே வேலை. அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமை நோண்டி நோண்டிப் பார்த்து, அதில் குறை கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். "இதுக்கெல்லாம் படிக்கவா செஞ்ச? பொறந்ததுல இருந்தே இருக்குமே" என்பார் என் வீட்டுக்காரர்.

அடிவாரத்துத் தோப்புக்காரர்களுக்கு ஒரு தீராத பயம் உண்டு. கீழே வெயில் அடிக்கும். ஓடையில் மணல்தான் கிடக்கும். மேலே மலையில் மட்டும் கொட்டித் தீர்க்கும். கொஞ்ச நேரத்தில் ஓடை நிறைய செந்தண்ணீர் வந்து நிற்கும். அந்தக் கரையில் இருப்பவர் அந்தக் கரைதான்... பாதி ஓடையில் இருப்பவர் கதி? அதனால் தோப்புக்காரர்கள் சேர்ந்து ஓர் எச்சரிக்கை ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நானும் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரும் செய்து கொடுத்தோம்.

மலையில் மழை அளக்கும் கருவி ஒன்று. அதில் ஓடுவது ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர். அது எங்கள் சர்வருக்குத் தகவல் சொல்லும். சர்வர், பெரிய ஃபோன் வைத்திருப்பவர்களின் ஆப்புக்குச் சொல்லும். பட்டன் ஃபோன் வைத்திருப்பவர்களுக்குத் தானாகவே கால் போகும். "மலையில் பெருமழை. ஓடையைத் தாண்ட வேண்டாம். புரிந்தால் ஒன்றை அமுக்கவும்" என்று ஒரு குரல் பேசும்.

இப்படி வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலத்தில், வேறு வேறு விதமாகச் செய்த சாஃப்ட்வேர்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வைப்பதற்குத்தான் வெப் சர்வீஸ் என்று பெயர். சம்பந்திகள் பேசிக்கொள்வது மாதிரிதான் இதுவும். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எதற்குத் தலையாட்டினார்கள் என்பது கல்யாணத்தன்றுதான் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மழைக் கருவி அங்குலத்தில் சொன்னதை எங்கள் சர்வர் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது... பிடித்தேன். ஒரு பழைய ஃபோனில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது... பிடித்தேன். எங்கள் வீட்டு டைனிங் டேபிள் நிறைய பழைய ஃபோன்கள். டெஸ்டிங் நடக்கும்போது எல்லாம் ஒன்றாக மணியடிக்கும். பால்காரர் பயந்து வாசலோடு நின்றுவிடுவார்.

ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. அது மெஷின் பிரச்சினை இல்லை. எங்கள் ஊர்ப் பழக்கம்.

ஒன்றை அமுக்கியவர் பெயர் ஸ்கிரீனில் பச்சையாகும். அமுக்காதவர் சிவப்பு. வெள்ளோட்டம் விட்ட அன்று பாதிப் பேர் சிவப்பு. என்ன ஆயிற்றோ என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதான் கட் பண்ணிட்டேன்லா? பாத்துக்கிட்டேன்னுதான அர்த்தம்" என்றார்கள், ஒருவர் விடாமல்.

கால் எல்லாம் காசாக இருந்த காலத்துப் பழக்கம். பஸ் ஏறிவிட்டால் ஒரு ரிங். இறங்கிவிட்டால் ஒரு ரிங். கூப்பிடுகிறவரின் காசை மிச்சம் பிடிக்க, எடுக்காமல் கட் பண்ணினால் 'சரி' என்று பொருள். இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம். பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே அதுதான் நடப்பு. சாயங்காலம் நான் கூப்பிடுவேன். இரண்டாவது ரிங்கில் அவர் கட் பண்ணுவார். 'கிளம்பிவிட்டேன், வந்துகொண்டே இருக்கிறேன்' என்று அர்த்தம். உடனே நான் உலை வைத்துவிடலாம்.

அப்படியானால் கட் பண்ணியவரைத் தனி நிறத்தில் காட்டலாமே என்று எங்கள் ஆட்களிடம் கேட்டேன். முடியாது என்றார்கள். ஒருவர் கட் பண்ணினால் ஒரு ஃபோன் கம்பெனி 'பிஸி' என்று சொல்கிறது. இன்னொரு கம்பெனி 'எடுக்கவில்லை' என்கிறது. எதை நம்புவது? கடைசியில், எத்தனை ரிங் போயிற்று என்பதை மட்டும் உள்ளே குறித்து வைப்போம், நிறம் சிவப்பாகவே இருக்கட்டும் என்று முடிவானது. அரை மனதாகத்தான் சரி என்றேன்.

இனி போன வாரத்து மதியத்துக்கு வருகிறேன்.

நான் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தபோது பாதிக்கு மேல் பச்சை. அமுக்காதவர்களுக்கு மெஷின் திரும்பத் திரும்பக் கூப்பிட, மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பச்சையானார்கள். இரண்டு பெயர்கள் மட்டும் சிவப்பிலேயே நின்றன. ஒன்று, மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் காதர் பாய். வயதானவர், முழங்கால் வலிக்காரர். இன்னொன்று என் வீட்டுக்காரர்.

நானே என் ஃபோனில் அவரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பவும் கூப்பிட்டேன். அதே பெண் குரல், அதே மரியாதையோடு.

முருகேசன் கூப்பிட்டான். ஓடைக்கு இந்தக் கரையில் குடியிருப்பவன். டிராக்டர் வைத்திருக்கிறான். சிவப்பில் நிற்கும் பெயர்கள் அவன் ஆப்பிலும் தெரியும். யார் பெயராவது சிவப்பில் நின்றால் கயிற்றோடு போய்ப் பார்க்க ஒப்புக்கொண்டவன் அவன் ஒருத்தன்தான்.

"மதினி, தண்ணி வந்துட்டு. டிராக்டர் எறங்குற அளவுக்குத்தான் இருக்கு, ஆனா ஏறிட்டே இருக்கு. அண்ணாச்சி தோப்பு மேக்க, பாய் தோப்பு தெக்க. ரெண்டு பக்கமும் போக நேரம் கெடையாது. எங்க போகட்டும்?"

இந்தக் கேள்வியை யார் என்னிடம் கேட்கச் சொன்னது? நான் குறை கண்டுபிடிக்கிறவள். முடிவெடுக்கிறவள் இல்லை.

"செத்த நேரம் இரு முருகேசு" என்றேன்.

உள்ளே குறித்து வைத்திருந்ததைத் திறந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பாக விழுந்தது. மறுபடி அடித்தேன். காதர் பாய்க்குப் போன கால் ஒவ்வொன்றும் கடைசி வரை அடித்து ஓய்ந்திருந்தது. அதாவது, ஃபோன் ஓரிடத்தில் அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் போன முதல் கால் — இரண்டாவது ரிங்கில் கட். அதற்குப் பிறகு போனதெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே.

எனக்கு உயிர் வந்தது. தினமும் நடப்பதுதானே இது? கட் பண்ணியிருக்கிறார். கிளம்பிவிட்டார். மலையடிவாரத்திலிருந்து வரும் வண்டிப் பாதையில் சிக்னல் கிடையாது. அதனால் லைன் போகவில்லை. கோர்வையாக இருந்தது. எனக்கு எப்படி இருந்தால் நன்றாக இருக்குமோ அப்படியே இருந்தது.

அப்போதும் உள்ளே ஒன்று உறுத்தியது. அவர் கட் பண்ணவில்லை என்றால்? நாளெல்லாம் இந்தக் கேள்வியை அடுத்தவர்களிடம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

"மதினி, தண்ணி ஏறுது."

"காதர் பாய்கிட்ட போ" என்றேன்.

"அண்ணாச்சி?" என்றான்.

"அவுக கெளம்பிட்டாக. நீ பாயைப் பாரு."

ஃபோனை வைத்தேன். வாசலில் போய் நின்றேன். அடிவாரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு பைக்கில் வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் ஆயிற்று. தெருவில் வந்த ஒவ்வொரு பைக்கும் வேறு யாருடையதோ. டயர் பஞ்சராகியிருக்கும் என்றேன். டீ குடிக்க நின்றிருப்பார் என்றேன். யாரிடம் சொன்னேன்? என்னிடம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற நம்ம திருவண்ணாமலைப் பெருமாளுக்கு, புரட்டாசி சனிக்கிழமை ஒன்று விடாமல் படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

முருகேசன் கூப்பிட்டான். "பாயைத் தூக்கியாச்சு மதினி. கொட்டாய்க்குள்ள படுத்துத் தூங்கிட்டாரு. ஃபோன் வெளிய மரத்துல பையில தொங்குது. எந்திரிச்சுப் பாத்தா கட்டிலச் சுத்தித் தண்ணி. இன்னும் கொஞ்சம் பிந்திருந்தா டிராக்டர் உள்ள எறங்கிருக்காது." மூச்சு வாங்கினான். "அண்ணாச்சி வீட்டுக்கு வந்துட்டாகள்லா?"

"இல்ல" என்றேன்.

அவனுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"மேக்க இப்பப் போக ஏலாது மதினி. வடியணும். வடிஞ்ச ஒடனே போறேன்" என்றான்.

அது வடிய எத்தனை நேரமானது என்று கேட்காதீர்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ரிங்: 2' என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். என் கையாலேயே என் வீட்டுக்காரருக்கு வரவேண்டிய டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. அழுதேனா? அழுதேன்.

பொழுது சாயும் நேரத்தில் முருகேசன் நம்பரிலிருந்து கால்.

"ஏட்டி, சோறு இருக்கா?"

அவர் குரல்தான்.

வந்து சேர்ந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர் தோப்புக்குள் வந்ததும் மோட்டார் ரூம் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாராம். நான் ரசத்தை ஊற்றியபடி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஃபோன கட் பண்ணுனீங்களே. கெளம்பிட்டீகன்னு நெனச்சேன்."

"யாரு கட் பண்ணா? ஈரக் கையோட எடுக்கப் போனேன். சிவப்பு பட்டன்ல வெரல் பட்டுட்டு. வழுக்கி அப்படியே தொட்டிக்குள்ள போச்சு, ஃபோனு."

கரண்டியை வைத்துவிட்டேன். இரண்டு ரிங், ஒரு கட். அவ்வளவுதான் மெஷின் சொன்னது. 'கிளம்பிவிட்டேன்' என்று மெஷின் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன்.

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "காதர் பாயை மொதல்ல பாத்ததுதான் சரி. பாவம், அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க ஏற? ஆமா, எப்படி அங்க மொதல்ல போனான் முருகேசன்? யாரு சொன்னா?" என்றார்.

"சிஸ்டம்" என்றேன்.

"நல்ல சிஸ்டம்" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

மறுநாளே எங்கள் ஆட்களோடு உட்கார்ந்தேன். இப்போது மூன்று நிறம் இருக்கிறது. ஒன்றை அமுக்கினால் பச்சை. அடித்து ஓய்ந்தால் சிவப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் மஞ்சள். அதாவது 'தெரியாது'. இப்படி ஒரு நிறம் வைக்க ஆளாளுக்குத் தயங்கினார்கள். தெரியாது என்று ஒரு சிஸ்டம் சொல்லலாமா என்றார்கள். சொல்லத்தான் வேண்டும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே விழும் மௌனத்தை நமக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்கிறோம். மனிதர்களுக்கு நடுவிலும் அதைத்தானே செய்கிறோம்?

முருகேசனிடம் இன்னொரு டிராக்டருக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது எல்லா நிறத்தையும்விட முக்கியம்.

காதர் பாய் முந்தாநாள் ஃபோன் பண்ணினார். "முருகேசன் எல்லாம் சொன்னான்மா. சொந்தப் புருஷன் அந்தக் கரையில இருக்க, என்னை மொதல்ல பாக்கச் சொன்னீகளாமே. அந்த மனசு யாருக்கு வரும்?" என்று தழுதழுத்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வருகிறாராம். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டுமாம்.

மனசா? எனக்கு என்ன மனசு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவர் கிளம்பிவிட்டார் என்று நம்பினேன், அதனால் சொன்னேன். அந்த 'ரிங்: 2' இல்லாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. சோறு போடும்போது ஆரம்பிக்கிறேன், ஊறுகாய் வேண்டுமா என்று முடிக்கிறேன்.

தோப்புக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்று வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற ஓர் ஆள் உண்டு. போன வாரம்தான் புது பட்டன் ஃபோன் வாங்கியிருக்கிறார்.

என்னங்க... இதைப் படித்து முடித்ததும் நான் கூப்பிடுவேன். ரெண்டாவது ரிங்கில் கட் பண்ணிவிடாதீர்கள்.