கம்பளிக் கொசுவம்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலத்தில், நாகர்கோவிலில் எனக்கு வரலாறு கற்பித்த ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் இறந்தார். நான் அப்போது அதே கல்லூரியில் விரிவுரையாளன். துக்கம் என்று எதுவும் எனக்கு வரவில்லை. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவர் மனைவி ஒன்றுதான் கேட்டார்: கணவரைக் கில்ட் உடுத்தி அடக்கம் செய்ய வேண்டும். இடுப்பிலிருந்து முழங்கால்வரை சுற்றும், கட்டம் போட்ட கம்பளி உடை அது. அவர்கள் நாட்டு ஆண்கள் விசேஷங்களுக்கு அணிவது. கிறிஸ்தவ சபையின் மூப்பராக இருந்த என் தாய்மாமா, மற்ற மூப்பர்களும் கூடியிருந்த அறையில், மறுத்துவிட்டார்.

"பாவாடை உடுத்திப் பெட்டியில கெடத்தினா ஊரு சிரிக்காதா மக்கா? காச்சட்டையும் கோட்டும் போரும்."

"பாவாடையில்ல மாமா. அது அவங்களுக்க மானமாக்கும்."

"முட்டு தெரியுது, பின்ன என்ன மானம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மலைநாட்டார் முதலில் நீண்ட கம்பளி ஒன்றையே உடம்பில் சுற்றி இடுப்பில் வார் கட்டினார்கள். இரவில் அதுவே போர்வை. குட்டை வடிவம் பின்னால் வந்தது. குலத்துக்கு ஒரு கட்டம் என்பதும், பேராசிரியரே வகுப்பில் கேலியாகச் சொன்னபடி, அவ்வளவு பழைய வழக்கமன்று. ஆனால், அரசனை எதிர்த்து எழுந்து அவர்கள் தோற்றபோது அந்த உடையைச் சட்டம் தடை செய்தது. உடுத்தியவன் சிறைக்குப் போனான். தடை நீங்கிய பிறகே அது ஒரு நாட்டின் அடையாளமாயிற்று.

மாமா வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் வெளியே பேசாத ஒன்றை, மற்ற மூப்பர்களின் முன்னிலையில் அப்போது சொன்னேன்.

"மாரை மறைச்சு மேல்சீலை போட்டதுக்கு அந்தக் காலத்துல நம்ம வீட்டுப் பொம்பளைகளையும் சந்தையில வச்சு அடிச்சாங்கல்லா மாமா? சீலையைக் கிழிச்சாங்கல்லா?"

மாமாவின் முகம் கறுத்ததை யாரோ ஒருவருடைய முகத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடுத்துங்க," என்றார், என்னைப் பாராமல்.

சபைக் கோயிலில் மணி அடிப்பவரும் நானும் உடுத்தினோம். சீலைக்கு வைப்பதைப் போல அவர் கொசுவத்தை முன்பக்கம் வைத்துவிட்டார். கில்ட்டில் மடிப்புகள் பின்னால் வரவேண்டும். உடலைத் தூக்கித் திருத்த இருவரால் முடியவில்லை. கதவருகே நின்ற மாமா வந்து தோள்களைப் பிடித்தார்.

"அடியில போற கொசுவம் யாருக்குலே தெரியப்போவுது?"

"துரைசானி அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"உனக்க வாய் இருக்கே! செரி, இடுப்பைப் பிடி."

பெட்டியை மூடுமுன் அம்மையார் வந்தார். கணவரின் இடுப்புக்கு அடியில் கையை நுழைத்து மடிப்புகளைத் தடவிப் பார்த்தார். கம்பளி எங்கோ சுருண்டிருந்தது போலும். அதை நேராக இழுத்துவிட்டார்.

"மூடலாம்," என்றார், தமிழிலேயே.