தோசைக்கல்லில் இரண்டு நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில், விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் காலை ஷிப்டு சமையல்காரனாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஊர் தக்கலைப் பக்கம். வாரம் ஒரு நாள் வீட்டுக்குப் போவேன்.

துறைமுக வேலைக்காக வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் எங்கள் ஹோட்டலில் மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்குக் காலையில் முட்டையும் பேக்கனும் இல்லாவிட்டால் பொழுது விடியாது. பேக்கன் என்றால் வேறொன்றும் இல்லை, உப்பில் ஊறவைத்த பன்றி இறைச்சியை நாடா மாதிரி மெல்லிசாகச் சீவி வைத்திருப்பது. அதை மொறுமொறுவென்று பொரிப்பதில் அந்த ஹோட்டலில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

பலர் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, அதில் பேக்கனைப் போடுவார்கள். வெளியே கருகும், உள்ளே ரப்பர் மாதிரி இழுக்கும். நான் சட்டி சூடாவதற்கு முன்பே சீவல்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரத்தி, அடுப்பைச் சிம்மில் வைப்பேன். அதன் கொழுப்பே உருகி அதற்கு எண்ணெயாகிவிடும். அவசரப்படாமல் இரண்டு மூன்று தடவை திருப்பிப் போட்டு, நுரை அடங்கும் நேரத்தில் எடுத்து டிஷ்யூவில் வைத்தால், ஆற ஆற அப்பளம் மாதிரி நொறுங்கும். இதற்குப் பொறுமை ஒன்றுதான் வேண்டும். அந்தப் பொறுமை ஒரே ஒரு நாள் என்னிடம் இல்லாமல் போய்விட்டது.

என் அடுப்புக்கு அடுத்த அடுப்பில் தோசை மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனதால் அவர் பேச்சில் மலையாளமும் பாதி கலந்திருக்கும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கார்த்திகை முதல் தேதி அவர் மாலை போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் சாமி, அவருக்கு நாங்கள் எல்லோரும் சாமி.

அவர் மாலை போட்டதற்குக் காரணம் சமையலறையில் எனக்கு மட்டும் தெரியும். அவர் மனைவிக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. மூன்றாவதாக அப்போது மூன்று மாதம். தென்காசியில் தாய் வீட்டில் இருந்தாள். இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நாற்பத்தோரு நாள் விரதம். பச்சைத்தண்ணீரில் குளியல், தரையில் பாய் விரித்துத் தூக்கம், ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பாடு. ஹோட்டல் கேன்டீனில் கை நனைக்க மாட்டார். காலை வேலை முடிந்து பதினொரு மணிக்குத் தன் கல்லில் தானே ஊற்றிய தோசை மட்டும்தான்.

முதல் நாளே என்னிடம் வந்து சொன்னார்: "இந்தக் கல்லு நாப்பத்தொரு நாளைக்கு எனக்கு மட்டும், கேட்டோ சாமி. உன் சங்கதி ஒண்ணும் இதுல வந்திரக்கூடாது."

நான் என்ன வெளியூர்க்காரனா, தெரியாதவனா? இரண்டு தடவை மாலை போட்டு மலைக்குப் போய் வந்தவன். என்னை நம்பி நிம்மதியா இருங்க என்று சொன்னேன். அப்படி வாய்கிழியச் சொன்னதுதான் இன்று அதிகமாக உறுத்துகிறது.

விரதம் பாதி நாள் தாண்டியிருக்கும். ஒரு நாள் காலையில் பதினான்கு இன்ஜினியர்கள் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பஸ் அன்று அரைமணி முன்னதாகக் கிளம்புகிறதாம். எல்லோருக்கும் பேக்கன், எல்லோருக்கும் மொறுமொறுவென்று. என் சட்டியில் ஒரு நேரத்தில் எட்டுத் துண்டுதான் பிடிக்கும். எங்கள் ஷெஃப் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தோசை மாவு தீர்ந்து, சாமி மாவு எடுக்கக் கீழே குளிர் அறைக்குப் போனார்.

பக்கத்தில் அகலமான தோசைக்கல். காலியாக, நல்ல சூட்டோடு. என் சட்டியில் பாதி வெந்து கிடந்த துண்டுகளை அள்ளி அதில் பரத்தினேன். கரண்டியால் அழுத்தினேன். இரண்டே நிமிடம். அருமையாக மொறுகிவிட்டது. தட்டுகளில் வைத்து அனுப்பிவிட்டு, கல்லை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, கல் உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்து, ஈர்க்குத் துடைப்பத்தால் மூன்று தடவை வழித்தேன். என் வாழ்நாளில் எந்தக் கல்லையும் அப்படித் தேய்த்ததில்லை.

மாவு வாளியோடு திரும்பி வந்தவர் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "கல்லத் தேச்சு வச்சிருக்கியே, நீ நல்லாயிருப்ப சாமி" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு திட்டு திட்டியிருப்பார். ஸ்டோரில் புதிய கல் ஒன்று இருந்தது, அதை எடுத்துப் போட்டிருப்பார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் அப்படி வாழ்த்திய பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. அன்று அந்தக் கல்லில் வார்த்த தோசையைச் சாப்பிட்டவர்களில் சைவக்காரர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கும் நான் துரோகம் செய்தவன்தான்.

பதினொரு மணிக்கு அவர் கண்ணை மூடிச் சரணம் சொல்லிவிட்டுத் தோசையைப் பிட்டு வாயில் வைத்தார். நான் எதிரே நின்றேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை சட்னிக்கு உப்பு போதுமா என்று கேட்டேன். இன்னொரு தடவை, இன்றைக்கு வெயில் அதிகம் என்றேன்.

அவர் மலைக்குப் போய்விட்டு வந்தார். எனக்கும் அரவணைப் பாயசம் கொடுத்தார். சரி, மலைமேல் இருக்கும் சாமி பொறுத்துக்கொண்டார் என்று நானாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. ஐந்தாம் மாதத்தில் அந்தப் பிள்ளையும் போய்விட்டது.

கருப்பையின் வாய் பலவீனமாக இருக்கிறது, அதுதான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தாராம். அடுத்த தடவை ஆரம்பத்திலேயே தையல் போட்டுவிட்டால் பிள்ளை தங்கும் என்றும் சொன்னாராம். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தவருக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று என்னிடம் சொன்னார். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதைக் கேட்டு, அவர் விரதம் இருந்த நாட்களில் அவருக்குத் தெரியாமல் அவர் மனைவி தினம் ஒரு முட்டை சாப்பிட்டிருக்கிறாள். பிள்ளை போன பிறகு அவளே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள்.

"நான் இங்க ஒரு குறை வைக்கல. எல்லாத்தையும் அவ வீட்டுல இருந்துகிட்டு கெடுத்துட்டா" என்றார்.

என் முட்டாள்தனத்தால் பிள்ளை போனது என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அவர் நம்புகிற கணக்குப்படி பார்த்தால், விரதம் கெட்டது தென்காசியில் இல்லை. அவர் உட்கார்ந்து தோசை பிட்ட இடத்திலேயே கெட்டது. அதை அறிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அந்த ஒருவன், மனசைத் தேத்திக்கோங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்கப் போய்விட்டான்.

அதன் பிறகு அவர் மனைவியின் போனை எடுப்பதில்லை. போன் அடிக்கும், அவர் மாவைக் கலக்கிக்கொண்டே இருப்பார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேக்கனைத் திருப்புவேன். சித்திரையில் அவர் எங்கள் ஹோட்டலை விட்டுவிட்டு, கரமனையில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய ஒரு சைவ ஹோட்டலில் சேர்ந்தார். பன்றிக்கறி வேகிற இடத்தில் இனி வேண்டாம் என்றார். விட்டது தொல்லை என்று உள்ளுக்குள் நான் மூச்சு விட்டேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கார்த்திகை வந்தது. வீட்டுக்குப் போயிருந்தபோது, இந்த வருடம் மாலை போடவில்லையா என்று என் மனைவி கேட்டாள். அவ்வளவுதான், அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு மனசு கஷ்டம், அவருக்கு மனசு கஷ்டம். அந்தப் பொம்பளையப் பத்தி ரெண்டு பேருல ஒருத்தராவது நினைச்சியளா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் கரமனைக்கு பஸ் ஏறினேன். மதியம் மூன்று மணி, கடையில் கூட்டம் இல்லை. அவர் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை இல்லை. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். டீ வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தால் மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று பயந்து, நின்றபடியே முழுவதையும் சொன்னேன். பதினான்கு பேர், அரைமணி முன்னதாக பஸ், இரண்டு நிமிடம், உப்பு, எலுமிச்சம்பழம், எல்லாம்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கல்லில் கிடந்த தோசையை எடுத்து வைத்தார். கேஸை அணைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுக்கும் வரை காத்திருந்து, போனை என் கையில் கொடுத்தார்.

"அவகிட்ட நீயே சொல்லு. சொல்ல எனக்கு வாயில்ல" என்றார்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. யார் என்று சொல்லி, திக்கித் திக்கி, அவரிடம் சொன்ன அத்தனையையும் மறுபடி சொன்னேன். உங்கள் முட்டைக்கு முன்னால் என் பேக்கன் அந்த விரதத்தைக் கெடுத்துவிட்டது, நீங்கள் ஒரு பாவமும் அறியாதவர், டாக்டர் சொன்னதுதான் நிஜம் என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "பிள்ள போனதுல இருந்து எங்க வீட்டு விளக்க எங்கம்மாதான் ஏத்துதாங்க. நான் தொட்டா சாமி ஏத்துக்காதுன்னு நான் கிட்டயே போறதில்ல." பிறகு, "அப்ப இன்னைக்கு நான் ஏத்தலாமாண்ணே?" என்று கேட்டாள்.

ஏத்தும்மா என்றேன். போனை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து, வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் இருவரும் இப்போது கரமனையிலேயே வீடு எடுத்து ஒன்றாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆனாலும் பத்து மாதம் ஒரு பெண் தன் வீட்டு விளக்கைத் தொடப் பயந்து ஒதுங்கி நின்றிருக்கிறாள். அந்தப் பயத்தைப் போக்கும் ஒரு வார்த்தையை, ஒரு மனிதரிடம் திட்டு வாங்கக் கூசி, நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போது இன்றும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.