சைவ ஒயில், மச்ச ஒயில், மெஷின் ஒயில்

வடை பொரித்துக் கறுத்த எண்ணெயை வாங்கி, வடித்து, பதப்படுத்தி, மெஷின்களுக்குப் பூசும் ஒயிலாக்கி விற்பது என் தொழில். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு, "அவர் என்ன வேலை செய்யிறார்?" என்று என் கணவரைப் பற்றி விசாரிப்பார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கிப் பார்த்த புண்ணியவான்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கொழும்பில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூட வேலையை விட்டுவிட்டுச் சுன்னாகத்துக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே எதை ஊற்றினாலும் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் மண்ணோடு மக்கிப்போகும் ஒயிலுக்குச் சனம் வரிசையில் நிற்கும் என்று நம்பினேன். தெரிந்த முகத்துக்காக ஒருமுறை வாங்கினார்கள். இரண்டாம் முறை ஒருவரும் வரவில்லை. "தைப்பொங்கலுக்குள்ளை ஒராளாவது திரும்பி வந்து வாங்கட்டும். இல்லாட்டிக் கொழும்புக்கு வெளிக்கிடுவம்" என்றார் கணவர். நானும் சம்மதித்தேன். பழைய இடத்தில் என் கதிரையை இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம். அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை என் தொழிலில்.

எண்ணெய் பழசாகாத கடை

தொழில் தொடங்கிய புதிதில் முதலில் போனது சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடைக்கு. தாச்சியில் கொதித்த எண்ணெய்க்கு என்னைவிட அனுபவம் அதிகம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "அண்ணை, பழைய எண்ணெய் இருந்தால் காசு தந்து எடுப்பன்" என்றேன். வாய்க்குப் போன வடைகள் பாதி வழியில் நின்றன. சனத்துக்கு முன்னால் கேட்கக்கூடாத கேள்வி அது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பழைய எண்ணெயோ? என்ரை கடையிலை ஒவ்வொரு நாளும் புது எண்ணெய்!" என்று வீதிக்கே கேட்கச் சொன்னார் முதலாளி. நானும் விடவில்லை. "அப்ப நேற்றைய எண்ணெய் எங்கையண்ணை?" என்றேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அதை வடை குடிச்சிடும், தங்கச்சி."

மில்லின் விரதம்

பின்படலையால் போய்ச் சத்தமில்லாமல் கேட்கப் பழகிய பிறகு எண்ணெய் தாராளமாக வந்தது. காய்ச்சிய ஒயிலை முதலில் ஒரு மிளகாய்த்தூள் மில்லுக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஒயில் கானைத் திறந்து மணந்து பார்த்தார். எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்ல நான் ஆயத்தமாக நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதிலை என்ன பொரிச்சது?"

ரோல்ஸும் மீன் கட்லட்டும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கானை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். கந்தசஷ்டி வருகிறதாம், விரதக்காரர் அரைக்க வருவார்களாம். இது பேரிங்குக்குத்தான், தூளில் படாது, மீனின் வாசம்கூட மிச்சமில்லை என்று ஒரு பாடமே நடத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. எரிச்சலில், "ஐயா மச்சம் சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் தின்னுவன், பிள்ளை. மில் தின்னாது."

தொண்டைமானாற்றுப் பூனைகள்

அன்று தொடக்கம் கொட்டிலில் இரண்டு பீப்பாய்: ஒன்று சைவம், மற்றது மச்சம். உலகத்தின் எந்தப் பெரிய ஒயில் கம்பனியும் இந்த முன்னேற்றத்தை எட்டியிருக்காது. மச்சத்தைத் தொண்டைமானாற்றுக்குக் கொண்டுபோனேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு மீன் மணம் ஒரு குறையா? வள்ளத்து எஞ்சினைத் தூக்கி இறக்கும் சங்கிலிக்குப் பூச ஒருவர் ஒரு கான் வாங்கினார்.

ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தேன். சங்கிலியில் துருவும் இல்லை, கிறீச்சென்ற சத்தமும் இல்லை. அடியில் மட்டும் பூனைகள் குடும்பத்தோடு குந்தியிருந்து நக்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் காணாத மாதிரி, "இன்னொரு கான் தரட்டோ அண்ணை?" என்றேன்.

"ஒயில் திறம்தான், தங்கச்சி. ஆனால் பூசுறது நான், தின்னுறது உவையள். காசை உவையளிட்டைக் கேளும்."

பொன்னாடை

ஒரு அலுவலகத்தில் பசுமைத் தொழில் என்று கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னால் பூமியே தப்பிவிட்டது என்று பேசாதவர் இல்லை. பூமி இருக்கட்டும், பொங்கலுக்குள் நான் தப்பினால் போதும் என்று எனக்கு இருந்தது. முன்பு கண்காட்சியில் வைக்க ஒரு கான் வாங்கியவர்கள் அவர்கள். இன்னொன்று வாங்கினால் கணவரின் நிபந்தனை நிறைவேறிவிடும். வெளியே வரும்போது அவர்களுடைய இரும்புக் கேற் அழுதுகொண்டு திறந்தது. "உதுக்காவது ஒரு கான் எடுங்கோ, சேர்" என்று மேலதிகாரியைக் கெஞ்சினேன். அவர் மிகவும் மரியாதையான மனிதர்.

"பாராட்டுறதுதான் எங்கடை பிரிவு, மிஸ். வாங்கிறது வேறை பிரிவு."

உடுப்பிட்டிக் கிணறு

உடுப்பிட்டியில் சீமெந்துக் கலவையை அச்சில் அடைத்துக் கல் அரியும் ஒருவர், மாரி மழைக்கு முன்னர் என் முகத்துக்காக இரண்டு பெரிய கான் வாங்கியிருந்தார். கல் ஒட்டாமல் கழர அச்சுப்பெட்டிக்கு ஒயில் பூசவேண்டும். கராஜ்களில் கறுத்த கழிவு ஒயில் சும்மா கிடைக்கும்போது என்னிடம் வர அவருக்கென்ன பைத்தியமா? அவரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள். கணவர் கொழும்பு பஸ்ஸில் இடம் பதிய ஃபோனோடு நின்றார். நான் மச்சப் பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்தேன். "தோத்துப்போனன்" என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கி, இரண்டு வெறுங்கானை என் முன்னால் வைத்தார். கல் அரிபவரின் மனைவி. காசைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். "என்னக்கா, கல்லு ஒட்டுதோ?" என்றேன்.

"கல்லின்ரை கதை எனக்குத் தெரியாது, பிள்ளை. ஒவ்வொரு மாரிக்கும் எங்கடை கிணத்திலை கறுப்பாய்ப் படை மிதக்கும். இந்த மாரி மிதக்கேல்லை. இப்ப உம்மடை ஒயில் முடிஞ்சுதெண்டு மனுசன் திரும்பக் கராஜுக்கு ஓடுது. அந்தத் தண்ணியைக் குடிக்கிறது என்ரை பிள்ளையள். ரெண்டையும் நிரப்பும்."

பொங்கலைச் சுன்னாகத்திலேயே பொங்கி, சிவந்த கண்ணுக்கு அடுப்புப் புகையைச் சாட்டிக்கொண்ட நான், என் ஒயிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல், தன் கிணற்றில் மிதக்காத ஒன்றுக்காகக் காசு தந்துவிட்டுப் போன அந்த மனுசியைத்தான் என் முதல் வாடிக்கையாளர் என்று பெருமையடித்துத் திரிகிறேன்.