அக்காவை ரோபோ என்று சொன்ன வலைப்பூ

அப்பாவின் முதல் வருட நினைவு நாளன்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபப் படித்துறையில் திதி கொடுத்தார்கள். நான் இங்கே கனடாவில், கால்கரியில், மளிகைக் கடைக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து வீடியோ காலில் பார்த்தேன். அன்றே அதைப் பற்றி என் வலைப்பூவில் எழுதினேன். மறுநாள் காலையில் முதல் பின்னூட்டம் வந்திருந்தது. எழுதியவர் பெயர் ராபர்ட். "அற்புதமான பதிவு! இதுபோன்ற மேலும் பல பதிவுகளை எதிர்பார்க்கிறோம். மலிவு விலையில் குளிர்காலக் காலணிகளுக்கு இங்கே சொடுக்கவும்." எனக்கு இருந்தது ஒரே ஒரு அப்பா. மேலும் பல பதிவுகளுக்கு நான் எங்கே போவேன்? ராபர்ட்டை அழித்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் முடி வளர எண்ணெய், கூரை பழுதுபார்ப்பு, உடனடிக் கடன் என்று வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கூட முன்கூட்டிச் சொல்லாமல் என் கதவைத் தட்டியதில்லை. அதே ஊரில் உட்கார்ந்து நான் நடத்தும் வலைப்பூவுக்குள் கண்டவனும் செருப்பைக் கழற்றாமல் நுழைகிறான். கூவி விற்பவர்களை நான் பார்க்காதவள் இல்லை. திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளிக்கடை வாசல்களில் நின்று "வாங்கக்கா, பார்த்துட்டுப் போங்கக்கா" என்று கூப்பிட்டே ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்பாவின் காரியத்துக்கு வேட்டி எடுக்க நானும் அக்காவும் போனபோது அப்படித்தான் ஒருவர் ஓடிவந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். "என்னம்மா வேணும்?" என்று மெதுவாகக் கேட்டு, நாங்கள் போக வழிவிட்டார். ராபர்ட்டுக்குப் பார்க்க முகமும் கிடையாது, இறக்கிக்கொள்ளக் குரலும் கிடையாது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தி அக்கா திருச்சி காட்டூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். போனில் எப்போது கூப்பிட்டாலும் "எல்லாரும் நல்லாருக்கோம்டி" என்பதைத் தாண்டிப் பேச்சு வராது, ஏனென்றால் கூடத்தில் நான்கு பேர் காது வைத்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய வாட்ஸ்அப் வீட்டின் பொதுச்சொத்து. என் வலைப்பூவின் பின்னூட்டப் பெட்டியை மட்டும் அந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே 'காட்டூர்க்காரி' என்ற பெயரில் அவள் என்னைத் திட்டுவாள், நான் எழுதியதைத் திருத்துவாள், தன் மனதில் இருப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். என் அக்கா எனக்கு முழுதாகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

அவள் ராபர்ட்டை மனிதன் என்றே நம்பினாள். அவனுடைய அடுத்த பின்னூட்டத்துக்குக் கீழே, "ஐயா, இது எங்கள் அப்பாவின் நினைவு நாள் பதிவு. இங்கே வியாபாரம் வேண்டாம். தவறாக நினைக்க வேண்டாம்" என்று பதில் எழுதியிருந்தாள். பதில் கிடைத்த குஷியில் ராபர்ட் தன் கூட்டத்தையே அழைத்து வந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் லிண்டாவிடம் புலம்பினேன். "கமெண்ட் பகுதியையே மூடிவிடு. உன் அக்காவிடம் உன் போன் நம்பர் இருக்கிறதுதானே?" என்றாள் அவள். கூடத்தில் இருக்கும் நான்கு பேர் காதை அவளுக்கு எப்படி விளக்குவது? "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லிவிட்டு என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

மூட மனமில்லாமல் வாசலில் ஒரு காவல் போட்டேன். படங்களைக் காட்டி, சரியானதைத் தொட்டால் மட்டும் உள்ளே விடும் சோதனை. மறுநாளே கடைக்குப் போகும் வழியில் அக்கா போன் செய்தாள். "தீயணைப்புக் குழாயத் தொடுன்னு சொல்லுதுடி. நம்ம ஊர்ல ஏது அது? செவப்பா குள்ளமா நின்னதையெல்லாம் தபால் பெட்டின்னு நெனச்சு வுட்டுட்டேன்." இங்கே தெருவுக்குத் தெரு நடைபாதையில் நிற்கிறதே, அதுதான். காட்டூரில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் ராபர்ட்டுக்குத் தெரிந்திருந்தது. ஒரே வாரத்தில் காலணிகளோடு உள்ளே வந்துவிட்டான்.

அப்போதுதான் நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். படங்களை எடுத்துவிட்டு நானே ஒரு கேள்வி வைத்தேன்: "திருச்சியில் சென்னை பஸ் ஏற எங்கே போக வேண்டும்?" பதில் 'சென்ட்ரல்', அதாவது மத்திய பஸ் ஸ்டாண்ட். திருச்சிக்காரர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், ராபர்ட்டுக்குத் தெரியாது. விளம்பரங்கள் சட்டென்று நின்றன. தோஹாவிலிருந்து ஒருவர், "கேள்வியைப் பார்த்ததுமே பஸ் ஸ்டாண்டில் இறங்கின மாதிரி இருந்ததுங்க" என்று எழுதினார். சிங்கப்பூரிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்தார்கள். அக்கா மட்டும் வரவில்லை. கோபமாக்கும் என்று நானும் வீறாப்பாக இருந்தேன்.

ஒரு நாள் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டாள். துணி காயப்போடும் சாக்கில் வந்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஏண்டி, நான் உன் அக்காங்கறதுக்கு இன்னும் என்னதான் நிரூபிக்கணும்? பஞ்சப்பூர்னு போட்டேன், தப்புங்குது. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுன்னு போட்டேன், நீ மனுஷியான்னு கேக்குது."

"சென்ட்ரல்தானே அக்கா?"

"அது நீ இருந்தப்ப. இப்ப சென்னை பஸ்ஸெல்லாம் பஞ்சப்பூர்லேருந்துதான் கெளம்புது. உங்க மாமாவ அழைச்சுக்கிட்டு அங்கதான் போய் ஏறினேன்."

"மாமாவையா? சென்னைக்கு எதுக்கு?"

"நெஞ்சுல அடைப்புன்னுட்டாங்கடி. வீட்டுல அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு ஃபிரண்ட் வீட்டுக் கல்யாணம்னு சொல்லிட்டுப் போனோம். பயமா இருந்துச்சு. உன்கிட்டதான் சொல்லணும்போல இருந்துச்சு. போன்ல சொன்னா அழுதுடுவேன்னு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் எழுதினேன். உள்ள போகல."

பஞ்சப்பூரில் புது பஸ் ஸ்டாண்ட் திறந்த செய்தியை நானும் படித்திருந்தேன். படித்து, பகிர்ந்து, ஒரு கைதட்டலும் போட்டிருந்தேன். கேள்வி வைக்க உட்கார்ந்தபோது அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஊரை விட்டுப் போனவர்களையெல்லாம் அழைத்து உட்காரவைத்துவிட்டு, ஊரிலேயே இருப்பவளை வெளியே நிறுத்தியிருக்கிறேன். மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து அவர் வீடு திரும்பிய பிறகுதான் விஷயமே எனக்குத் தெரியவந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்றைக்கே 'சென்ட்ரல்' என்ற பதிலை அழித்துவிட்டுப் பஞ்சப்பூரைப் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது போனில் பார்த்தேன். காட்டூர்க்காரி வந்திருந்தாள். "வந்துட்டேன்டி. உப்பக் கொறைங்கன்னா உங்க மாமா அப்பளம் கேக்கறாங்க. நீ எப்ப வர்ற?"

உடனே பதில் எழுதினேன். அவசரத்தில் என் கணக்குக்குள் நுழைய மறந்துவிட்டேன்போல. எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்டது. கை பழக்கத்தில் 'சென்ட்ரல்' என்று அடித்தேன். வெளியே பனியில் பாதி புதைந்து ஒரு சிவப்புத் தீயணைப்புக் குழாய் நின்றது. திரையில், "மன்னிக்கவும். நீங்கள் மனிதர்தான் என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை" என்று வந்தது.