கணப்புக்கு முன்னால் வைக்காத ஷூ

கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. முதலில் என் மேல்.

எழுபதுகளில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க். பிரெஞ்சுக்கார துரை ஒருவர் கட்டிய பழைய பங்களாவை அங்கே காட்சியகமாக வைத்திருந்தார்கள். செத்துப்போன துரையின் பூட்ஸுக்குக்கூடக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த மானேஜரின் மனைவி, அந்த வருடம் எல்லாக் குடும்பங்களுக்கும் அங்கே பிரெஞ்சு முறையில் கேக் வெட்டிக் கிறிஸ்துமஸ் என்றார். பிள்ளைகள் தங்கள் ஷூவைக் குளிர்காயும் கணப்புக்கு முன்னால் வைக்க வேண்டும். பரிசை அதற்குள் போடுவார்கள்.

ஷூ இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாசலில் நின்று, "ஷூ இருக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க" என்று கத்தினேன். ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள் நாலைந்து பேர் நுழைந்தார்கள். கூலிக்காரர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெறுங்காலோடு பனியில் நின்றார்கள்.

கொழுந்தெடுக்கும் ஞானசெல்வம் மகளோடு முன்னால் வந்தாள்.

"இத்தன வருசமா, செருப்பக் கழட்டிட்டுப் படியேறுன்னு வெரட்டுனீக. இன்னைக்குச் செருப்பு இல்லன்னு வெரட்டுறீக. நாங்க எப்படித்தான் வரணும் கிளார்க்கய்யா?"

"மேடம் சொன்னதத்தான் சொல்றேன், போ!" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை வெறுங்காலோடு நடந்தவன். அன்று என் காலில் பளபளவென்று ஷூ இருந்தது. அதைக் கழற்றி அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?