பச்சோந்திக்கு ஒரு தனி ரூம்

கீழக்கரைக்காரரான கலீலுர் ரஹ்மானுக்குத் தனிமை என்றாலே ஆகாது. துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு பத்தொன்பது வருடமாக இருப்பவர். யாராவது தனியாகச் சாப்பிடுவதைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த ரூமுக்குப் போன மாதம் வந்த உமாபதி தன் கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டபோது, "நாங்க என்ன ஒன்னைக் கடிச்சா திங்கப் போறோம்?" என்று அன்பாகக் கேட்டார். அதே அன்போடு அதைக் கழற்றி மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். நல்ல மனசுக்காரர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இடுப்பு வலியால் குடோனில் மூட்டை தூக்க முடியாமல் போனபோது, அதே முதலாளியின் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையில் மேனேஜராக இருந்த சாகிர் அவரைச் சேர்த்துக்கொண்டான். இரண்டு பச்சோந்திகளைப் பார்த்துக்கொள்வதுதான் டூட்டி. சின்ன வயதில் ஓணானைக் கண்டால் கல்லெடுத்தவர், இங்கே வெட்டுக்கிளிமேல் சத்துப் பொடி தூவி ஊட்டினார். கிண்ணத்துத் தண்ணீரை அவை திரும்பியும் பார்க்கவில்லை. இலைமேல் தெளித்தால்தான் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடித்தன. அந்த ராஜ உபசாரம் அவருக்கே பிடித்துவிட்டது.

ஆளுக்கொரு கூண்டு என்பதுதான் மனசைக் குடைந்தது. பாவம், பேச்சுத் துணைக்கு யாருமில்லையே என்று ஒரு வியாழக்கிழமை இரண்டையும் பெரிய கூண்டில் ஒன்றாக விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் இரண்டும் கரியாகக் கறுத்து, ஆளுக்கொரு மூலையில் சுருண்டுகிடந்தன. தீனியைத் தொடவில்லை. அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் சாகிர் வந்து பார்த்தான்.

"காக்கா, யாரு இதுகளைச் சேத்து வச்சது?"

"தனியா கெடக்குதேன்னு நாந்தாம்பா."

"ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்தாலே இதுகளுக்கு ஆகாது. பிரிச்சு நடுவுல அட்டையக் கட்டுங்க. செத்துப்போனா ஒங்கள மறுபடியும் குடோனுக்குத்தான் அனுப்பணும். எங்கையில ஒண்ணுமில்ல."

உடனே இரண்டையும் பிரித்து, நடுவில் அட்டையைக் கட்டினார். மூட்டையை நினைத்தாலே இடுப்பு வலித்தது. அதைவிட, தன் பாசத்தால் இரண்டு உயிர் போய்விடுமோ என்ற பயம். இரண்டு நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் பெரியது கொம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. கறுப்பு போய்ப் பச்சை திரும்பியிருந்தது. நாக்கை நீட்டி வெட்டுக்கிளியை லபக்கென்று பிடித்தது. மதியத்துக்குள் சின்னதும் தேறிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே உமாபதியின் ஞாபகம் வந்தது. பத்து நாளாகப் பாதிச் சோற்றை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவன்.

அன்று டூட்டி முடிந்து வந்ததும் பெட்டியிலிருந்து போர்வையை எடுத்து, உமாபதியின் கட்டிலுக்குத் தானே கயிறு கட்டினார்.

"என்ன பாய், எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. ஒன் மூஞ்சி கறுத்துப் போச்சு. உள்ள போய் நிம்மதியா இரு."

உமாபதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உள்ளே போனான். கலீலுர் ரஹ்மான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போர்வை விலகியது. உமாபதி தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.