பிள்ளை கேட்ட தண்ணீர்

சாமியார் குரலைத் தாழ்த்தினார். பிரசங்க மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"‘அம்மா, தண்ணீர்’ என்றானாம் அந்தக் குழந்தை. இந்த உலகத்துத் தண்ணீரையா கேட்டான்? ஞானஸ்நானத் தண்ணீரைக் கேட்டான். அந்தத் தாய் தாமதித்துவிட்டாள்."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். பெண்கள் பக்கம் ஒரே விசும்பல்.

கடைசித் தூணோரம் சகாயமேரி கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாய் அவள்தான். கோயிலைக் கூட்டுவதும் சாமியாரின் துணிகளை வெளுப்பதும் அவள் பிழைப்பு. யுத்தத்துக்குப் போன புருஷனைப் பற்றித் தகவல் இல்லை. பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு தடவையும் சாமியார் வெளியூரில் பிரசங்கம் செய்யப் போயிருந்தார். பிறகு ஒரே ராத்திரிப் பேதியில் பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்.

போன வாரம் வெளுத்த துணியைக் கொடுக்கப் போனவள், பிள்ளை மோட்சத்தில் இருக்கிறானா என்று கேட்டாள். அவர் உட்காரச் சொன்னார். பிள்ளை என்ன நிறம், கடைசியில் எப்படிப் பார்த்தான் என்று பரிவாக விசாரித்தார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பதில் வரும் என்றார். அவர் பிரசங்கத்துக்கு நல்லம்பள்ளியிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "கல்லுங் கரையுது மேரி. நீ ஏன் கட்டையாட்டம் ஒக்காந்திருந்த?"

"இருவது நாளுப் புள்ளக்கா. அது எங்க பேசும்?"

"பிரசங்கம்னா கொஞ்சம் சேத்துதான் சொல்லுவாங்க."

சகாயமேரி சாமியார் குடியிருந்த பங்களா வாசலுக்குப் போனாள். சாமியார் இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"எம்பையன் எங்க இருக்கான்னு சொல்லவே இல்லீங்களே சாமி."

"அதை ஆண்டவர்கிட்ட விட்டுடு. வர்ற ஞாயிறு அதியமான்கோட்டைப் பக்கம் பூசை. இதையேதான் சொல்லப்போறேன். நீயும் வந்து முன்னால உக்காரு. ஜனங்க பாக்கட்டும்."

அவர் தாடியில் சட்னி ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. யுத்த காலத்தில் சோப்பு கிடைக்காததால் உவர்மண் போட்டுச் சாமியாரின் துணிகளை வெளுத்தாள். கைக்குட்டையில் மூக்குப்பொடிக் கறை இருந்தது. தேய்த்துக் காயப்போட்டாள். உலர்ந்ததும் மடித்து, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன், வேலைக்கும் வேறு ஆள் பாருங்கள் என்றாள். அவர் சரி என்றார். மத்தியானத்துக்கு மேல் பெரியண்ணன் என்ற குடியானவரின் காட்டில் கடலை பிடுங்கக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். போனாள்.